தவறிச்சேர்ந்த கடிதமும் திரும்பிவந்த உடன்போக்கும்: ‘டோராடோரா’ அனிமே தொடரில் இளமைக்காதலும் ஆளுமை வளர்ச்சியும்

ஆய்வுச்சுருக்கம்

ஜப்பானியப் பள்ளி வாழ்வைக் களமாகக் கொண்ட காதல் நகைச்சுவை அனிமே தொடர்களில், காதலை வாய்விட்டுச் சொல்லும் கணமே பெரும்பாலும் கதையின் இலக்காக அமைகிறது. 2008 அக்டோபர் முதல் 2009 மார்ச் வரை 25 பகுதிகளாக ஒளிபரப்பான ‘டோராடோரா’ இம்மரபுக்குள் நின்றே அதனைத் திசைமாற்றுகிறது. இத்தொடரில் காதல்மொழிகள் தவறான இடத்திற்கே சென்று சேர்கின்றன. காதல் உறுதிப்பட்ட பின்னரும் கதை முடிவதில்லை. காதலர் மேற்கொள்ளும் உடன்போக்கு பாதிவழியில் கைவிடப்படுகிறது. முந்தைய தலைமுறை ஓடிய ஓட்டத்தை இளையோர் மீண்டும் ஓட மறுப்பதையே இத்தொடர் வளர்ச்சி எனக் கொள்கிறது என்பதை நிறுவவும், அந்த வளர்ச்சி நாயகனுக்கும் நாயகிக்கும் ஒரே அளவில் காட்டப்பட்டுள்ளதா என வினவவும் இக்கட்டுரை முயல்கிறது.

திறவுச்சொற்கள்: அனிமே, காதல் நகைச்சுவை, டோராடோரா, கொகுஹாகு, சுன்தெரே, உடன்போக்கு, ஆளுமை வளர்ச்சி

முன்னுரை

அனிமே குறித்த உரையாடல்களில் காதல் நகைச்சுவை வகைமைக்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறிது. ஹயாவோ மியாசாகியின் திரைப்படங்களும் அறிவியல் புனைவுத் தொடர்களும் ஆராயப்படும் அளவிற்குப் பள்ளிக்கூடக் காதல் கதைகள் ஆராயப்படுவதில்லை. அவை ஒரே வாய்பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன என்பது பொதுவான குறை. அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் வாய்பாடு உறுதியாக இருக்கும் வகைமையில்தான், ஒரு படைப்பு அதிலிருந்து விலகும் இடம் துலக்கமாகத் தெரியும். அவ்வாறு விலகும் ஒரு தொடரை நெருங்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் பணி.

‘டோராடோரா’, யூயுகோ தகேமியா எழுதி 2006 முதல் 2009 வரை 10 தொகுதிகளாக வெளிவந்த லைட் நாவலின் அனிமே வடிவம். ஜே.சி.ஸ்டாஃப் நிறுவனம் தயாரிக்க, தட்சுயுகி நாகாய் இயக்கினார். தொடருக்கான கதையமைப்பை மாரி ஒகாடா செய்தார். இவ்விருவரும் 2011இல் ‘அனோஹானா’ தொடரில் மீண்டும் இணைந்தனர் என்பதும், அத்தொடரும் சொல்லப்படாமல் போன சொற்களைச் சுற்றியே இயங்குகிறது என்பதும் இங்கு நினைக்கத்தக்கன. நாவலுக்கும் அனிமேக்கும் இடையிலான வேறுபாடுகள் தனி ஆய்வுக்கு உரியவை. இக்கட்டுரை அனிமே வடிவத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

இங்கு ஆளப்படும் ‘உடன்போக்கு’ என்னும் சொல் குறித்து ஒரு விளக்கம் தேவை. பிறமொழிக் காதல் கதை ஒன்றை எடுத்த மாத்திரத்தில் அதன்மேல் களவு, கற்பு, திணை என்னும் சட்டகத்தைப் பொருத்திவிடும் போக்கு நம் ஆய்வுகளில் மிகுதி. டோக்கியோவின் தொலைக்காட்சிக்கு எழுதப்பட்ட கதையில் குறிஞ்சியைத் தேடுவதால் குறிஞ்சிக்கும் பயனில்லை, அக்கதைக்கும் பயனில்லை. காதலர் இருவர் பெற்றோரை விட்டு ஒன்றாய்ப் போதலைக் குறிக்கத் தமிழில் இதனினும் நல்ல சொல் இல்லை என்பதாலேயே அச்சொல் இங்கு இடம்பெறுகிறது.

சொல்லாமை என்னும் வாய்பாடு

ஜப்பானியப் பள்ளிக் காதல் கதைகளில் ‘கொகுஹாகு’ எனப்படும் காதல் அறிவிப்பு ஏறத்தாழ ஒரு சடங்கின் தகுதியைப் பெற்றது. ஒருவர் மற்றவரைத் தனியே அழைத்துத் தம் விருப்பத்தைச் சொல்வதும், மற்றவர் ஏற்பதும் மறுப்பதும் ஆகிய இச்செயலுக்குப் பின்னரே இருவரும் காதலர் எனப்படுவர். ஆகவே அறிவிப்பை எவ்வளவு தள்ளிப்போடமுடியுமோ அவ்வளவு நீளும் கதை. ரூமிகோ தகாஹாஷியின் மாங்காவைத் தழுவி 1986 முதல் 1988 வரை 96 பகுதிகள் ஓடிய ‘மெய்சோன் இக்கோகு’ இத்தள்ளிப்போடலின் செவ்வியல் சான்று. அகா அகாசகாவின் மாங்காவிலிருந்து 2019இல் அனிமேயான ‘காகுயா-சாமா’ தொடரோ, முதலில் சொல்பவரே தோற்றவர் என்று விதியமைத்து, தள்ளிப்போடலையே வெளிப்படையான போர் விளையாட்டாக மாற்றிவிட்டது.

‘டோராடோரா’வின் தொடக்கமும் இவ்வாய்பாட்டின்படியே அமைகிறது. தந்தையிடமிருந்து பெற்ற கூரிய கண்களால் போக்கிரி என்று அஞ்சப்படுபவன் ரியூஜி தகாசு. உண்மையில் அவன் வீட்டு வேலையில் பேரார்வம் கொண்டவன். கையடக்கப் புலி என்று பள்ளியே பெயர் சூட்டி விலகிநிற்கும், உருவில் சிறிய, கோபத்தில் பெரிய மாணவி தைகா ஐசகா. ரியூஜி விரும்புவது தைகாவின் தோழி மினோரியை; தைகா விரும்புவது ரியூஜியின் நண்பன் கிதமுராவை. ஒருவர் காதலுக்கு மற்றவர் உதவுவது என ஒப்பந்தம். இருவரும் இறுதியில் ஒருவரையொருவர் விரும்புவர் என்பதை முதல் பகுதியிலேயே பார்வையாளர் அறிவர். தலைப்பின் முற்பகுதி புலியையும் பிற்பகுதி டிராகனையும் குறிக்க, அவை முறையே தைகாவின் பெயரிலும் ரியூஜியின் பெயரிலும் ஒளிந்திருப்பதால் இதில் மறைபொருள் ஏதுமில்லை.

முகவரி தவறிய சொற்கள்

முதல் பகுதியில் தைகா கிதமுராவுக்கு எழுதிய காதல் கடிதத்தைத் தவறுதலாக ரியூஜியின் பையில் போட்டுவிடுகிறாள். அதனை மீட்க இரவில் மரவாளுடன் அவன் வீட்டிற்குள் புகுகிறாள். பின்னரே தெரிகிறது, உறைக்குள் கடிதமே இல்லை; வைக்க மறந்துவிட்டாள். சிரிப்புக்காகச் செய்யப்பட்ட இந்நிகழ்வு, தொடர் முழுவதற்குமான அமைப்பைத் தனக்குள் கொண்டுள்ளது. உறை தவறான கையில் சேர்ந்தது; உள்ளே சொல்லே இல்லை.

இதன் எதிர்முனை பனிச்சறுக்குச் சுற்றுலாவில் வருகிறது. சரிவில் விழுந்து அரைநினைவில் கிடக்கும் தைகாவை ரியூஜி தூக்கிவருகிறான். தன்னைச் சுமப்பவன் கிதமுரா என்று எண்ணி, ரியூஜியைத் தான் விரும்புவதையும் அவ்விருப்பத்தை அடக்கமுடியாமல் தவிப்பதையும் அவள் சொல்லிவிடுகிறாள். இம்முறை உறைக்குள் சொற்கள் முழுமையாக இருக்கின்றன. உரியவன் செவியிலேயே அவை விழுகின்றன. ஆனால் சொல்பவளைப் பொறுத்தவரை அவை வேறொருவனுக்குச் சொல்லப்பட்டவை. ரியூஜி, கேட்டதைக் கேட்காததாக்கிக் கொண்டு, அவளைக் காப்பாற்றியவன் கிதமுராதான் என்று நம்பச் செய்கிறான். முதல் பகுதியில் வெறும் உறையைப் பெற்றவன், இப்போது நிறைந்த சொற்களைப் பெற்றும் பெறாதவனாக நடிக்கிறான். இவ்விரு காட்சிகளையும் அருகருகே வைத்தால், தொடர் எதனைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தது என்பது தெளிவாகும். காதலைச் சொல்வது இங்கே அரிதன்று. யாரிடம் சொல்கிறோம் என்பதை அறிந்து சொல்வதே அரிது.

இவற்றுக்கு இடையில் நிற்பது 19ஆம் பகுதியின் கிறிஸ்துமஸ் இரவு. தனித்திருக்கும் தைகாவைக் காண, கரடி உருவில் கிறிஸ்துமஸ் தாத்தாவாக வேடமிட்டு வருகிறான் ரியூஜி. சிறிது நேர மகிழ்ச்சிக்குப் பின் அவனை மினோரியிடம் போகும்படி அவளே வழியனுப்புகிறாள். கதவு மூடியபின்தான் தன் மனம் அவளுக்குத் தெரிகிறது. காலணியின்றித் தெருவுக்கு ஓடிவந்து அவன் பெயரைச் சொல்லி அழுகிறாள். அழைக்கப்பட்டவன் அங்கு இல்லை. அந்த அழைப்பைக் கேட்டுவிடுபவள் மினோரி. அதன் விளைவாகவே, ரியூஜி வாய்திறக்கும் முன்னரே மினோரி அவனை மறுத்துவிடுகிறாள். சொல்லப்படாத காதலுக்குச் சொல்லப்பட்ட மறுப்பு. இத்தொடரில் சொற்கள் ஒருமுறையேனும் நேர்வழியில் செல்வதில்லை.

மினோரியின் பாத்திரம் இவ்விடத்தில் தனிக்கவனம் பெறத்தக்கது. கோடை விடுமுறையில் அமியின் குடும்ப இல்லத்தில் ரியூஜியுடன் இரவில் பேசும்போது, காதலைப் பேயைக் காண்பதோடு ஒப்பிடுகிறாள் அவள். பிறர் கண்டதாகச் சொல்கின்றனர், தான் கண்டதில்லை, காண்போமா என்றும் தெரியவில்லை. பின்னர் ரியூஜியை மறுக்கும்போதும் இதே உருவகத்தையே எடுக்கிறாள். அப்போது அவள் சொல்வது, காணாமலிருப்பதே நல்லது என்பது. முதலில் ஆசையாக இருந்தது பின்னர் தடுப்புச்சுவராகிவிடுகிறது. அவள் விளையாட்டுத்தனமான சொற்களால் தன்னை மறைத்துக்கொள்பவள் என்பதை இவ்வொரு உருவகத்தின் இருமுனைப் பயன்பாடே காட்டிவிடுகிறது.

சமையலறையில் வளரும் உறவு

இதுவரை கண்டது சொற்களின் தோல்வி. சொற்கள் தோற்கும் இத்தொடரில் உறவை வளர்ப்பது எது? முதல் இரவிலேயே இதற்கான விடை கிடைத்துவிடுகிறது. மரவாளோடு வந்தவள் பசியால் தள்ளாட, அவளுக்கு ரியூஜி சோற்றை வறுத்துப் பரிமாறுகிறான். அன்றிலிருந்து காலைச் சிற்றுண்டி, மதிய உணவுப்பெட்டி, இரவுணவு என அவள் வாழ்வு அவன் அடுப்பைச் சுற்றி அமைகிறது.

இத்தொடரின் வீடுகள் கவனிக்கத்தக்கவை. ரியூஜியும் மதுவிடுதியில் இரவுப்பணி செய்யும் அவன் தாய் யாசுகோவும் வாழும் பழைய வாடகை வீட்டின் வெயிலைப் பக்கத்திலுள்ள ஆடம்பர அடுக்ககம் மறைத்துவிட்டது. அவ்வடுக்ககத்தில் தைகா தனியே வாழ்கிறாள். மறுமணம் செய்துகொண்ட தந்தை மகளைப் பணத்தோடு அங்கே குடிவைத்துவிட்டார். பெரிய வீட்டில் சமைக்காத அடுப்பும் துலக்காத பாத்திரங்களும். சிறிய வீட்டில் சாளர இடுக்கின் பூஞ்சையைக்கூட விடாத தூய்மை. இடுக்குகளைத் துடைக்கத் துணி சுற்றிய சிறு குச்சி ஒன்றை ரியூஜி தானே செய்து வைத்திருக்கிறான். அதற்குத் தன் குடும்பப் பெயரையும் சூட்டியிருக்கிறான். நகைச்சுவைக்கான பொருளே இது. ஆயினும் ஆண்பிள்ளையின் வீட்டுவேலையை எள்ளாமல், அவனுடைய திறமையாகவும் மகிழ்ச்சியாகவும் காட்டியது 2008ஆம் ஆண்டின் தொலைக்காட்சித் தொடருக்குக் குறிப்பிடத்தக்க செயல்.

ஆனால் இப்பராமரிப்பையே காதல் என்று கொண்டாடும் எளிய வழியைத் தொடர் எடுக்கவில்லை. தொழில்முறை மாடலான அமி கவாஷிமா, பிறர் முன் ஒரு முகமும் தனியே ஒரு முகமும் உடையவளாக அறிமுகமாகி, பின்னர் அனைவரினும் தெளிவாகப் பார்ப்பவளாக வளர்கிறாள். ரியூஜியும் தைகாவும் நடத்துவது சிறுபிள்ளைகளின் வீட்டு விளையாட்டு என்றும், அதில் ரியூஜி தந்தை வேடம் பூண்டிருக்கிறான் என்றும் உணர்த்துபவள் அவளே. இக்கூற்று கடுமையானது, ஆனால் பிழையன்று. உணவூட்டுபவன், எழுப்பிவிடுபவன், துணி மடித்துத் தருபவன் என்ற நிலையிலிருந்து சமமானவன் என்ற நிலைக்கு ரியூஜி வருவதற்கு, ஊட்டுதலை ஓரிடத்தில் அவன் நிறுத்தியாகவேண்டும்.

பள்ளி விழா நிகழ்வு இதனை முன்னரே உணர்த்தியிருக்கிறது. மகளோடு மீண்டும் வாழ விரும்புவதாகச் சொல்லி வரும் தந்தையை ஏற்கத் தைகா தயங்குகிறாள். தந்தையே இல்லாமல் வளர்ந்த ரியூஜி, அவரை நம்பும்படி அவளை வற்புறுத்துகிறான். அவர் முன்பும் இவ்வாறே ஏமாற்றியதை அறிந்த மினோரி தடுத்தும் கேட்பதில்லை. விழாவன்று தந்தை வரவில்லை. இங்கே ரியூஜி செய்த பிழை அன்பின்மையால் நேர்ந்ததன்று. தனக்குக் கிடைக்காத தந்தையைத் தைகாவின் வழியாகப் பெற முயன்றதால் நேர்ந்தது. பிறர் துயரில் தன் துயரைப் படித்த பிழை. மேடையில் தனித்து நிற்பவளை அடைய ரியூஜியும் மினோரியும் பந்தயத்தில் சேர்ந்து ஓடும் காட்சியை உருக்கமான வெற்றியாகவே தொடர் காட்டுகிறது. எனினும் ரியூஜியின் ஓட்டத்தில் தோழமையைவிடக் குற்றவுணர்வே மிகுதி என்று தோன்றுகிறது.

நகையின் நிலைக்களன்கள்

நகை பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கைக் கூறுகிறது. அவற்றுள் இளமையைத் தனியே எண்ணியிருப்பது காதல் நகைச்சுவையை அணுகுவோர்க்குப் பயனுள்ள பகுப்பு. வெற்று உறையும் வறுத்த சோறும் இளமையிலும் பேதைமையிலும் பிறந்த நகை. பார்ப்பவர் சிரித்தாலும் பாத்திரம் சிறுமைப்படுவதில்லை. இரண்டாம் பகுதியில் உலகின்மேல் உள்ள சினத்தையெல்லாம் காட்டித் தைகா மின்கம்பத்தை உதைக்க, ரியூஜியும் சேர்ந்து உதைக்கும் காட்சி இவ்வகை நகையின் உச்சம். சிரிப்பும் துயரும் அங்கே பிரிக்கமுடியாதபடி கலந்துள்ளன.

எள்ளலில் பிறக்கும் நகையை இதே தட்டில் வைக்கமுடியாது. முப்பதை நெருங்கியும் மணமாகாத வகுப்பாசிரியை யூரியைத் தொடர் மீண்டும் மீண்டும் கேலிப்பொருளாக்குகிறது. பதினேழு வயதினரின் வளர்ச்சியை இவ்வளவு பரிவோடு பார்க்கும் படைப்பு, முப்பது வயதை ஒரு தோல்வியாக மட்டுமே பார்ப்பது முரண். அவ்வயதை நெருங்கிக்கொண்டிருக்கும் கட்டுரையாளருக்கு அக்கேலி எதுவும் சிரிப்பைத் தரவில்லை என்பதையும் பதிவுசெய்வது நேர்மையாகும்.

தைகாவின் அடிதடி இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. வெளியே கடுமையும் உள்ளே கனிவும் கொண்ட ‘சுன்தெரே’ என்னும் பாத்திர வகை அக்காலத்தில் பெருவழக்காக இருந்தது. இதே ஜே.சி.ஸ்டாஃப் நிறுவனம் 2005இல் தயாரித்த ‘ஷகுகான் நோ ஷானா’, 2006இல் தயாரித்த ‘ஜீரோ நோ ட்சுகைமா’ ஆகியவற்றின் நாயகியருக்குக் குரல் கொடுத்த ரியே குகிமியாவே தைகாவுக்கும் குரல் கொடுத்தார். குரலைக் கேட்டதுமே பார்வையாளர் வகையை அறிந்துகொண்டிருப்பர். அவ்வகையை ஒரு காயத்தின் வெளிப்பாடாக மாற்றியது ‘டோராடோரா’வின் சிறப்பு. கைவிடப்பட்டவள், கைவிடப்படும் முன் தானே அடிக்கிறாள். ஆயினும் நாயகனை நாயகி அடிப்பது தீங்கற்ற விளையாட்டு என்னும் வகைமையின் நம்பிக்கையைத் தொடர் எங்கும் கேள்விக்கு உட்படுத்தவில்லை. காரணத்தை விளக்கியதே போதும் என அமைந்துவிட்டது.

கைவிடப்பட்ட உடன்போக்கு

இறுதிப் பகுதிகளில் இருவர் காதலும் வெளிப்படுகிறது. வழக்கமான தொடர் இங்கே முடிந்திருக்கும். ‘டோராடோரா’வில் இங்குதான் பெற்றோர் கதைக்குள் நுழைகின்றனர். பிரிந்துவாழும் தாய் தைகாவை அழைத்துச்செல்ல வருகிறார். மறுபக்கம், மகனின் மேற்படிப்புக்காகக் கூடுதல் வேலையும் செய்து யாசுகோ மயங்கிவிழுகிறாள். தான் தவறவிட்ட வாழ்வைத் தன் வழியாகத் தாய் வாழப்பார்க்கிறாள் என்று ரியூஜி அவளைச் சினந்து பேசுகிறான். தைகாவின் தந்தை நிகழ்வில் அவன் செய்த பிழையையே இப்போது தாயின்மேல் குற்றமாகச் சுமத்துகிறான் என்பதை அவன் உணரவில்லை, தொடர் உணர்ந்திருக்கிறது.

காதலர் ஓடுகின்றனர். பதினெட்டு வயதானதும் மணம்செய்துகொள்வது என்று முடிவாகிறது. நண்பர்கள் தம்மிடம் உள்ளதைக் கொடுத்து உதவ முன்வருகின்றனர். இளமைக்காதலின் வெற்றிக்கு வேண்டிய அனைத்தும் கூடியிருக்கின்றன. அந்நேரத்தில் வீடு திரும்பும் ரியூஜி, தாயும் வீட்டைவிட்டுப் போய்விட்டதை அறிகிறான். யாசுகோ ஓடுவது இது முதன்முறையன்று. இளவயதில் கருவுற்றுப் பெற்றோரைவிட்டு வெளியேறியவள் அவள். பின்னர் அவர்களைப் பார்க்கவே இல்லை. மகன் ஓடுகிறான், தாய் மீண்டும் ஓடுகிறாள், தைகாவும் தாயிடமிருந்து ஓடுகிறாள். மூன்று ஓட்டங்களும் ஒரே இரவில் குவிகின்றன. உடன்போக்கு என்பது இங்கு எதிர்ப்பின் செயலாக இல்லாமல் குடும்ப வழக்கமாகவே மாறிவிட்டிருக்கிறது.

ரியூஜியின் முடிவு இப்பின்னணியில்தான் பொருள்பெறுகிறது. மறைவிடம் தேடிச் செல்லாமல், தைகாவுடன் இதுவரை கண்டிராத தாத்தா பாட்டியின் வீட்டிற்குச் செல்கிறான். தாயையும் அங்கே வரவழைக்கிறான். பெரியவர்களின் ஒப்புதலுக்குப் பணிந்த செயலாக இதனைப் படிக்க இடமுண்டு. குடும்பத்தின் அணைப்பில் கதையை முடிக்கும் பழைமைப் போக்கு என்றும் சொல்லலாம். ஆயினும் அவ்வீட்டில் யாரும் யாருக்கும் அனுமதி வழங்குவதில்லை. பல ஆண்டுகளாக முறிந்திருந்த உறவொன்றைப் பேரனே மீண்டும் கட்டுகிறான். வளர்ந்தவர் செய்யாமல்விட்ட வேலையை இளையவன் செய்கிறான். அவனுக்குத் தெரிந்த ஒரே வேலை வீட்டைச் சீராக்குவது. சாளர இடுக்கில் தொடங்கிய அவ்வேலை இங்கே வந்து நிற்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

இக்கணத்திற்குப் பின் தைகா எடுக்கும் முடிவே தொடரைக் குறித்த கருத்துவேறுபாடுகளுக்குக் காரணமாக இருக்கக்கூடியது. எல்லாம் கைகூடிய நிலையில், ரியூஜியிடம்கூடச் சொல்லாமல் தன் தாயிடம் செல்கிறாள். ஓராண்டு கழித்து, நண்பர்கள் பள்ளிப் படிப்பை முடிக்கும் நாளில் திரும்பிவருகிறாள். வலிந்து புகுத்தப்பட்ட பிரிவு என்றும், கடைசி நேரத்தில் மீண்டும் ஒரு தள்ளிப்போடல் என்றும் இது தோன்றக்கூடும். இக்கட்டுரையின் பார்வையில் இப்பிரிவு இன்றித் தொடரே நிறைவுறாது. ரியூஜி தன் குடும்பத்தின் ஓட்டத்தை நிறுத்தியதைப் பார்த்தவள் தைகா. அவன் வீட்டில் தங்கிவிட்டால் மீண்டும் ஊட்டப்படுபவளாகவே ஆகியிருப்பாள். அமி சொன்ன சிறுபிள்ளை விளையாட்டு மணமாகித் தொடர்ந்திருக்கும். தன் ஓட்டத்தைத் தானே நிறுத்த அவள் போகிறாள். போகும்போது அவள் கடிதம் எதுவும் எழுதிவைக்கவில்லை. பின்னர் விண்மீன்கள் நிறைந்த வானத்தின் படமொன்று கைப்பேசியில் வருகிறது. விளக்கம் ஏதும் தேவைப்படாமலே அது உரியவரைச் சேர்கிறது. வெற்று உறையில் தொடங்கிய கதைக்கு இது பொருத்தமான விடை.

பிரிவின் காரணம் சரியாக இருந்தும், அது காட்டப்பட்ட முறையில் ஒரு குறை எஞ்சுகிறது. ரியூஜியின் பக்கத்து உறவுகள் மீள்வதற்குத் தாத்தாவும் பாட்டியும் அவர்கள் வீடும் அங்கே தாயும் மகளும் கண்கலங்கி நிற்பதும் நமக்குக் காட்டப்படுகின்றன. தைகாவின் தாயோ சில நிமிடங்களே திரையில் தோன்றுகிறார். தைகா அவரிடம் சென்ற பின்னர் நடந்தவை யாவும் திரைக்கு வெளியே நிகழ்கின்றன. வகுப்பறைப் பெட்டகத்திற்குள் ஒளிந்திருந்து அவள் வெளிப்படும்போது ஓராண்டு கடந்திருக்கிறது. வளர்ந்தவளாகத் திரும்பினாள் என்பதை நாம் அவள் வந்ததைக்கொண்டே ஊகிக்கவேண்டியுள்ளது. நாயகனின் வளர்ச்சி காட்சியாகவும் நாயகியின் வளர்ச்சி இடைவெளியாகவும் அமைந்துவிட்டன. 25 பகுதிகள் முழுவதும் யார் சமைத்தார், யார் உண்டார் என்பதை இவ்வளவு கருத்தோடு காட்டிய தொடர், அவ்வோராண்டில் தாயும் மகளும் வாழ்ந்த வீட்டில் அடுப்பை மூட்டியவர் யார் என்பதை மட்டும் காட்டாமலே விட்டுவிடுகிறது.